கிழிந்த பிறகு எதற்கு ஆகும்?

உடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது எல்லாப் பக்கமும் சொல்கிறார்கள். ஒன்றோடொன்று பொருந்தும் சில உடுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றி உடுத்தும் முறை. 1970களில் லண்டனில் துணிக்கடை நடத்திய சூசி ஃபோ பரப்பிய எண்ணம் இது. 2010இல் அமெரிக்காவின் கோர்ட்னி கார்வர் அதற்கு ஓர் எண்ணிக்கையும் வைத்தார்: 3 மாதத்துக்கு 33 உருப்படி, செருப்பும் நகையும் சேர்த்து. பதுளையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இளம் ஆசிரியைகள் இதைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறார்கள். எனக்கும் பிடித்த பேச்சுதான். என் அலுமாரிக் கதவைத் தோளால் அழுத்தித்தான் சாத்த வேண்டியிருந்தது. ஆனால் 33 என்று கேட்டதும் மனம் பசறைப் பக்கம், அம்மா கொழுந்தெடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறது.

லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. அதில் அலுமாரிக்கு இடம் ஏது? சுவருக்குச் சுவர் கட்டிய கொடி ஒன்று, மூலையில் றங்குப்பெட்டி ஒன்று. அன்றாடம் உடுத்துவது கொடியில், நல்லது பெட்டியில். பழைய பாவாடை, அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு, தலையில் மடித்துப் போட்ட துண்டு: இதுதான் அம்மா மலைக்குப் போகும் கோலம். தேயிலை வாது கீறாமலிருக்கப் படங்கு. வெயிலுக்கும் குளிருக்கும் முழுக்கை. கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமல் தாங்குவது துண்டு. பனிக்கு மூடிக்கொள்ளவும், வியர்வை துடைக்கவும், சில நாள் கீரை கட்டிவரவும் அதே துண்டுதான்.

சேலை படிப்படியாக இறங்கும். தீபாவளிக்கு எடுத்தது முதலில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும். மடிப்பு தளர்ந்ததும் பதுளை ஆஸ்பத்திரிக்கும், சம்பளம் போட்ட ஞாயிறு கடைவீதிக்கும். அப்புறம் வீட்டில். கரை நைந்த பிறகு மலைக்கு. கடைசியில் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலாகத் தொங்கும். அப்படியொரு தொட்டிலில் வளர்ந்தவள் நான். அதற்கும் பிறகு அது அடுப்படிக் கரித்துணி.

அந்தச் சேலை லயத்துக்கு வரும் பொட்டணி வியாபாரியிடம் தவணைக்கு வாங்கியதாக இருக்கும். இல்லாவிட்டால் அம்மா அதைத் தீபாவளி முற்பணத்தில் எடுத்திருப்பாள். அந்த முற்பணத்தையும் பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடன் தீருமுன் நிறம் மங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் துணியைக் கையில் கசக்கிப் பார்ப்பாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழையைப் பார்ப்பாள், ஓரத்தை நனைத்து விரலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். வியாபாரி முகம் சுளித்தாலும் விடமாட்டாள்.

இதைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, நம்மவர்கள் அப்போதே எளிமையாக வாழ்ந்தார்கள் என்று முடிக்க எனக்கு மனம் வராது. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்தார். விரும்பினால் முழு ஆடை உடுத்தக்கூடியவர், வேண்டாம் என்று விட்டார். தோட்டத்துச் சனங்களுக்கோ போர்த்திய கம்பளியின் விலையே கணக்கில் கடனாக ஏறிய காலம் அது. நம் காலத்திலும் பார்த்தோம்: 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியது. மலைக்குப் போயிருந்தவர்களும் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளும் தப்பினார்கள். வேலைக்கு உடுத்திய உடுப்பும் பாடசாலை வெள்ளைச் சீருடையும்தான் அன்று பலருக்கு மிச்சம். மாற்றுடை இல்லாத நிலையை எவரும் அழகு என்று சொல்லக் கூடாது.

ஆகவே, குறைக்கச் சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நல்ல சேலையில் கை வைக்காதீர்கள். வருஷத்தில் இரண்டு தடவைதானே உடுத்துகிறீர்கள், கொடுத்துவிடுங்கள் என்பார்கள். கூடையும் படங்குமாகவே ஊர் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அந்த இரண்டு நாளும் பெட்டிக்குள் இருக்கும் பட்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். வேலைக்கு உடுத்துவதையும் குறைக்க முடியாது. பெருகிக் கிடப்பது இரண்டுக்கும் நடுவில்தான்: மலிவு விற்பனையில் எடுத்தது, நிறம் பிடித்து எடுத்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்தது. என் அலுமாரியில் நான் எடுத்து வெளியே வைத்ததெல்லாம் அந்த நடுப்பகுதிதான். அதை மூட்டை கட்டி லயத்துக்கு அனுப்பும் வழக்கத்திலும் எனக்கு உடன்பாடில்லை. நமக்கு உதவாத மெல்லிய நைலோன் சட்டை, குளிரில் கொழுந்தெடுப்பவளுக்கு எப்படி உதவும்?

எத்தனை உடுப்பு போதும் என்பதை எங்கள் ஊர் மழையைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் ஊவாவில் கச்சான் காற்று வீசும். எங்கள் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறும் காலம் அது. காலையில் தோய்த்துப் போட்டது பகலுக்குள் காய்ந்துவிடும். கைவிரல் அளவுக்கு உடுப்பு இருந்தாலே காலம் ஓடும். ஐப்பசி தொடங்கி மழை பிடித்துவிட்டால் சேலை காய நாட்கணக்காகும். அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினால் புகை மணக்கும்; அந்த மணத்தோடு வகுப்புக்கு வந்து கூசி நிற்கும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். ஆகவே மழைமாதக் கணக்கை வைத்தே நான் என் எண்ணிக்கையைப் போட்டேன். வேலைநாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருத்திச் சேலை, காயாத நாட்களுக்கு மேலும் இரண்டு, எந்தச் சேலையோடும் சேரும் ஒரு கம்பளிச் சட்டை. 33ஐ எட்டவேயில்லை.

போன மாதம் வழுவழுப்பான சேலையொன்றைக் காட்டினேன். அம்மா இரு விரலால் தேய்த்துப் பார்த்து, “ஏம்மா, இது கிழிஞ்சா எதுக்கு ஆகும்?” என்றாள். தண்ணீரை உறிஞ்சாது, கரித்துணிக்கும் ஆகாது, பிள்ளைக்குத் தொட்டில் கட்டினால் உடம்பு வேர்க்கும். வாங்குமுன் கேட்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. இந்தத் தீபாவளிக்கு எடுக்கப்போவது ஒரே சேலை. அம்மாவையும் கடைக்குக் கூட்டிப்போவேன். ஓரத்தை நனைத்துப் பார்த்து அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பில் போடச் சொல்வேன்.