மெய் என்று ஏன் பெயர்?

அம்மாவின் விரலில் ரேகை விழவில்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஏழு தடவை கருவியில் பெருவிரலை வைத்தாள். ஏழு தடவையும் சிவப்பு விளக்குத்தான். சாத்தாம் துறையில் பாம்பூஃப்ளாட் படகு ஏறியதும் கேட்டாள்: "அப்போ நான் நானில்லையாடா?"

முப்பது வருடம் பாக்கு உரித்த கை அது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறையேறி, பலகைபோல் வழவழத்துக் கிடக்கும். இந்த அந்தமான் தீவில் ஆளை அடையாளம் வைப்பது பழைய கதை. 1858 மார்ச்சில் முதல் கைதிகள் இங்கே வந்து இறங்கினார்கள். பிற்பாடு கைதிகளின் கழுத்தில் எண் எழுதிய மரவில்லையைத் தொங்கவிட்டார்கள். அதே 1858இல்தான் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். மரவில்லை போய்விட்டது, ரேகை நிலைத்துவிட்டது.

நான் தமிழ் வாத்தியார். ஐம்பொறி பாடம் நடத்தும்போது ஒரு பெண் கேட்டாள்: "கண், மூக்குன்னு சொல்றோம். தோலை மட்டும் ஏன் சார் மெய்னு சொல்றோம்?" உடம்புக்கும் மெய், உண்மைக்கும் மெய். துக்க வீடுகளில் பட்டினத்தார் பாடல் கேட்டு வளர்ந்தவன் நான். உடம்பு பொய் என்றுதான் என் காதில் ஏறியிருந்தது. மொழியோ நேர்மாறாகச் சொல்கிறது. தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுக்கும்போது, புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாகத் தொடுவுணர்வைத்தான் வைத்தார். கருவிலும் முதலில் விழிப்பது அதுதான். எட்டாவது வார வாக்கிலேயே உதட்டோரம் தொட்டால் சிசு அசைகிறது.

தோலின் மேற்பரப்பு முழுக்கச் செத்த செல்கள். ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை மேல்தோல் புதிதாகிவிடுகிறது. அந்தக் கருவி தொட்டது அம்மாவின் செத்த தோலை மட்டுமே. ரேகையின் அச்சோ கீழே, உயிருள்ள அடுக்கில் இருக்கிறது. தாய் வயிற்றில் நாலைந்து மாதத்துக்குள் விழுந்த அச்சு அது. மேலே தேய்ந்தாலும், வேலையை நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் திரும்ப எழும்பும்.

அம்மாவின் முன்கையில் ஒரு கோலம் உண்டு. சிவகங்கைப் பக்கம் சின்னப் பெண்ணாக இருந்தபோது, படி நெல் கொடுத்துக் குத்திக்கொண்ட பச்சை. கப்பலேறி வந்து, என்னைப் பெற்று, தோல் சுருங்கிய பிறகும் புள்ளி பிசகவில்லை. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் செல்கள் அந்த மையை விழுங்கி வைத்திருக்கின்றன. ஒரு செல் சாகும்போது சிந்தும் மையைப் பக்கத்தில் இருப்பது விழுங்கிக்கொள்கிறது. 2018இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தச் செல்லும் நிலைக்கவில்லை, கோலம் நிலைத்திருக்கிறது. 'நான்' என்பதும் இப்படித்தானோ? ஆன்மா என்று நாம் சொல்வது உடம்புக்குள் ஒளித்துவைத்த தனிப்பொருளாக இல்லாமல், சாகிறது இருப்பதற்குக் கொடுத்துவிட்டுப் போகும் வடிவமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பை முதலில் இழிவாக நினைத்துப் பின்பு போற்றிக் காத்த திருமூலர் பக்கமே நான் சாய்கிறேன்.

அலுவலகத்தில் திருப்பி அனுப்பிய அன்று முதல் அம்மாவைப் பாக்கு உரிக்க விடவில்லை. இரவில் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கையில் தேய்த்துவிடுவேன். முன்கைத் தோலில் மெதுவான வருடலுக்கென்றே நரம்புகள் இருக்கின்றன. நொடிக்கு ஓரிரு அங்குலம் என்ற வேகத்தில் தடவினால் அவை நன்றாக விழிக்கும். நான் அவசரமாகத் தேய்த்தால் அம்மா கையை இழுத்துக்கொள்வாள், மெல்லத் தடவினால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்படி ஓர் இரவில்தான் சொன்னேன்: "நீ நீதாம்மா. அந்த மிஷினுக்குத்தான் தெரியல."

உங்கள் ஊர் வரிசையிலும் இப்படித் தேய்ந்த கைகள் நிற்கும். பெருவிரல் விழாவிட்டால் கருவிழி உண்டு, முகம் உண்டு, கைபேசிக்கு வரும் எண் உண்டு. கூட நின்று அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.