உத்தாலகர் எடுத்த உப்பு

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் ஓதிக் கர்வத்தோடு வீடு திரும்பிய சுவேதகேதுவிடம், தந்தை உத்தாலக ஆருணி ஓர் உப்புக் கட்டியைக் கொடுத்து, அதை இரவில் நீரிலிட்டுக் காலையில் தம்மிடம் வரும்படி பணிக்கிறார். காலையில் கட்டியைக் காணோம். நீரின் மேற்புறமும் நடுவும் அடியும் சுவைத்தால் எங்கும் உப்பு. கண்ணுக்குப் புலப்படாத சத்து அவ்வாறே எங்கும் நிறைந்துள்ளது, நீயே அது என்பது உபதேசம். என் சிந்தை நிற்பது இடைப்பட்ட அந்த ஓர் இரவில்.

இரவு நீர் குளிரும் காலம். உத்தாலகர் கறியுப்புக்குப் பதிலாக வெடியுப்பை எடுத்து, கொதிநீரில் கரையுமட்டும் கரைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? 100 கிராம் கொதிநீர் 240 கிராமுக்கும் மேலான வெடியுப்பை ஏற்கும். அந்நீரே 20 பாகைக்கு ஆறினால், ஏறத்தாழ 32 கிராமை மட்டும் தன்னுள் வைத்துக்கொண்டு, எஞ்சியதையெல்லாம் ஊசி ஊசியான படிகங்களாக அடியில் இறக்கிவிடும். கரைந்தது திரும்பி வந்துவிட்டதென்று மகன் சொல்லியிருப்பான். உபதேசம் அங்கேயே தடைப்பட்டிருக்கும். கறியுப்போ உறைநிலையில் ஏறத்தாழ 36 கிராம் கரையும், கொதிநிலையில் 39 கிராம் கரையும், அவ்வளவே பேதம். வெடியுப்பு கரையும்போது உஷ்ணத்தை மிகுதியாக உட்கொள்வதால், உஷ்ணம் பெருகும்போது கரைந்து, அது குன்றும்போது பிரிகிறது. கறியுப்புக்கு அந்தத் துணை அநேகமாக வேண்டுவதில்லை. சீதோஷ்ணத்துக்கு அசையாத பொருளைப் பிரம்மத்துக்கு உவமையாக்கியது மிகப் பொருத்தமே.

ஆனால் நம்மில் பெரும்பாலோருடைய அகங்காரம் வெடியுப்பின் ஜாதியைச் சேர்ந்தது. பெங்களூருக்குத் தெற்கே ஓசூர்ச் சாலையிலுள்ள பொம்மசந்திராவில், டாக்டர் தேவி ஷெட்டி நிறுவிய நாராயண ஹிருதயாலயாவின் வாயிலில் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே பெற்ற பிள்ளையின் இருதயம் திறக்கப்பட்டிருக்க, வெளியே காத்திருக்கும் தகப்பனிடம் செல்வச் செருக்கோ குலப்பெருமையோ பங்காளிப் பகையோ எஞ்சுவதில்லை. அவ்வளவும் அந்தத் தாபத்தில் கரைந்து, பிரார்த்தனை ஒன்றே நிற்கிறது. பிள்ளை தேறி வீடு திரும்பிச் சில மாதங்கள் சென்றபின், பகையும் பெருமையும் மீண்டும் திரளக் காண்கிறோம். அப்படியானால் துயரத்தில் பிறந்த பக்தி பொய்யா?

பொய்யன்று என்பதே என் துணிபு. அதே பொம்மசந்திராவின் தொழிற்பேட்டையிலுள்ள மருந்துத் தொழிலில், மாசு கலந்த பொருளைச் சூடான திரவத்தில் கரைத்து மெல்லக் குளிரவிடுவது பழகிய முறை. திரளும் படிகம் தன் இனத்தையே அடுக்கடுக்காகச் சேர்த்துக்கொள்ள, அழுக்கின் பெரும்பகுதி எஞ்சிய திரவமாகிய தாய்க்கரைசலிலேயே தங்கிவிடுகிறது. திரும்பி வந்தது முன்னைய பொருளேயாயினும் முன்னைவிடத் தூயது. அவசரப்பட்டுக் குளிர்வித்தாலோ, அழுக்கும் படிகத்துக்குள்ளே சிறைப்பட்டுவிடும். துயரத்தில் கரைந்த மனமும் அப்படியே.

நீரில் கரைந்த உப்பைத் தனியே எடுக்க இயலாதது போல, இறந்தபின் தனி உணர்வு இல்லையென்று யாக்ஞவல்க்யர் சொல்லக் கேட்ட அவர் மனைவி மைத்ரேயி கலங்கினாள் என்கிறது பிருஹதாரண்யக உபநிஷத்து. தன்னை முற்றும் இழப்பதே முடிவென்றால் யாருக்குத்தான் கலக்கம் வராது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் வழிவந்த சைவ சித்தாந்தமோ, முத்தியிலும் ஆன்மா அழிவதில்லை, அதைப் பற்றிய மலமாகிய அழுக்கின் சக்தியே அடங்குகிறது என்று கொண்டது. உத்தாலகரின் உப்பு ஞானியருக்கு உரியது. கரைந்தும் திரண்டும் அல்லலுறும் இல்லறத்தாருக்கு மெய்கண்டாரின் நெறியே ஆறுதலும் வழியும் ஆகும் என்பது என் முடிவு.

ஆகவே, ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வருவோரே, வந்த மறுநாளே பழைய வழக்குகளிலும் வாதங்களிலும் இறங்கிவிடாதீர்கள். அந்தத் தாபம் உங்களுக்குள் மெல்ல ஆறட்டும்.