கணையாழியும் கிளியின் பெயரும்

துறவி வேடத்தில் வந்தவனை நம்பியதால் சீதாதேவிக்கு நேர்ந்த சிறை, அசோக வனம். ஆகவே அனுமன் தன்னை இராமதூதன் என்றபோது, இராவணனே வேற்றுருவில் வந்தானோ என அவள் அஞ்சினாள். அந்த ஐயம் பக்தியின் குறையன்று, அதுவே விவேகம்.

வால்மீகி முனிவர் இதனை நிதானமாக விவரிக்கிறார். இராமனின் அங்க அடையாளங்களையும் இலட்சுமணனின் அடையாளங்களையும் கூறுமாறு தேவி கேட்கிறாள். அனுமன் திருமேனியைத் தலை முதல் பாதம் வரை வருணிக்கிறான். அதன் பின்னரே இராமநாமம் பொறித்த கணையாழி அவள் கைக்கு வருகிறது. மோதிரம் களவுபோகக்கூடிய பொருள்தானே!

தேவியும் வெறும் சூடாமணியை மட்டும் கொடுத்தனுப்பவில்லை. சித்திரகூடத்தின் தனிமையில் ஒரு காகம் தன்னைத் துன்புறுத்தியதையும், இராமன் தர்ப்பைப் புல்லையே அஸ்திரமாக்கி அதன்மேல் ஏவியதையும் அடையாளமாகச் சொல்லி அனுப்பினாள்.

கம்பநாட்டாழ்வார் மற்றொரு செய்தியைச் சேர்க்கிறார். தன் கிளிக்கு யார் பெயரை இடலாம் என்று சீதை முன்பு வினவியபோது, தன் அன்னை கைகேயியின் பெயரை இடுமாறு இராமன் கூறினானாம். வனவாசத்தை வரமாகக் கேட்டவளின் பெயர்! இலங்கையின் ஒற்றர் எவரும் ஊகித்திருக்க முடியாத மறைசொல் அது.