பிள்ளைகளின் அடக்கமும் பெற்றோரின் கடமையும்

பள்ளியில் பயிலும் பிள்ளைகளை விரத ஒழுக்கத்தில் நிறுத்துவது எந்த வயதில் தகும், எந்த அளவில் தகும் என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. இரவு உண்ணாமை, கிழங்கு விலக்கல், சதுர்த்தசி நோன்பு ஆகியவற்றில் பிள்ளை தவறும்போதெல்லாம் பெரியோர் சிலர், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கண்டிப்பை நாடுகின்றனர். வேறு சிலர், அறிவு வந்தபின் தானே மேற்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் பிள்ளையின் மனம் எவ்வாறு வளர்கின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

இக்கால மனநூலார், தன்னைத் தானே ஆளும் திறனை மூன்றாகப் பகுத்துரைப்பர். வேண்டிய செய்தியை நினைவில் ஏந்திக்கொண்டே செயலாற்றுவது ஒன்று. எழுகின்ற உந்துதலை நிறுத்துவது மற்றொன்று. நிலைமை மாறும்போது எண்ணத்தையும் மாற்றிக்கொள்வது மூன்றாவது. இவற்றிற்குப் பெரிதும் துணைபுரிவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்பகுதி. அப்பகுதி பள்ளிப் பருவம் முழுவதும் வளர்ந்து, ஏறத்தாழ இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்ச்சி பெறுகின்றது. ஆகவே பத்து வயதுச் சிறுவன் 'இனிச் செய்யமாட்டேன்' என்று உளமாரச் சொல்லிவிட்டு, அரை நாழிகைக்குள் அதனையே செய்வானாயின், அவன் பொய் சொன்னான் என்று முடிவுகட்டுதல் கூடாது. சொன்னபோது இருந்த உறுதியைச் செயலின்போது நினைவில் நிறுத்தும் வலிமை அவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. மனம், மொழி, மெய் மூன்றையும் காக்கும் குப்தி என்று நம் நூல்கள் கூறுவது உயிரின் குணத்தை. விஞ்ஞானிகள் கூறுவது உடலாகிய கருவியை. இரண்டும் ஒன்றல்ல. எனினும் கருவி முதிராதபோது குணம் முழுமையாக வெளிப்படாது என்பது நமக்கு உடன்பாடே. மனிதப் பிறவியில் எட்டாண்டு நிறைந்த பின்னரே விரதம் ஏற்கும் தகுதி உண்டாகும் என்று நம் ஆகம மரபு வரையறுத்திருப்பதும் கருதத்தக்கது.

இவ்விடத்தில் ஓர் அறச்சிக்கல் உள்ளது. கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகிய மூன்றோடு, அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதலும், உணவும் நீரும் தடுத்தலும் அவற்றுள் அடங்கும். வண்டி மாட்டையும் ஏவலாளையும் மனத்திற்கொண்டே இவற்றிற்கு உரை கூறுவது வழக்கம். ஆயினும் தாங்கும் வலிமை இல்லாத பிள்ளையின் மனத்தில் ஏற்றப்படும் சுமையை அதிபாரம் அன்று என எவ்வாறு சொல்வது? 'நோன்பு' என்று பெயரிட்டு, அச்சத்தாலோ வெட்கத்தாலோ பிள்ளையைப் பட்டினி வைத்தால், அது உணவு தடுத்தல் ஆகாதா?

கட்டாயத்தால் பொறுத்த துன்பத்திற்கும் பயன் உண்டே, அகாம நிர்ஜரையும் தேவ ஆயுளுக்குக் காரணம் என்று அதே சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் சொல்கின்றதே எனச் சிலர் வினவலாம். உண்மையே. (அங்கு உடன் எண்ணப்படும் பாலதவத்தில் 'பால' என்பது அறியாதவரைக் குறிக்குமேயன்றிச் சிறுவரைக் குறிக்காது.) ஆனால் அந்தப் பயன் பொறுத்தவருடையது. பொறுக்க வைத்தவருக்கு உரியது யாது? சபையில் 'இன்னார் மகன் இத்தனை நோன்பு நோற்றான்' என்று கேட்கும் ஆசையும், தவறியபோது எழும் சினமும் கஷாயங்களே. பிள்ளைக்கு உதிர்ப்பு என்று எண்ணிப் பெற்றோர் தமக்கு ஊற்றைத் திறந்துகொள்வது என்ன கணக்கு?

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் மிஷல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை பலரும் அறிந்தது. தின்பண்டம் ஒன்றைக் குழந்தையின் முன் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் மேலும் கிடைக்கும் என்று கூறிச் செல்வர். (மார்ஷ்மெல்லோ எனப்படும் அப்பண்டத்தில் பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்வதால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அச்சோதனையே பொருந்தாது!) காத்திருந்தோர் பிற்காலத்தில் சிறந்தனர் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் கொண்டால் அத்தொடர்பு பெரிதும் குறைந்துவிடக் கண்டனர். நமக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றுவது, 2013இல் ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட சிறு ஆய்வு. தருவதாகச் சொன்ன வண்ணப் பொருள்களை முதலில் சில குழந்தைகளுக்குக் கொண்டுவந்து தந்தனர். வேறு சிலருக்கு 'இல்லை' என்று கூறி ஏமாற்றினர். பின்னர் தின்பண்டச் சோதனை வைத்தபோது, முன்னவர் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தனர். பின்னவர் மூன்று நிமிடமே. பிள்ளையின் அடக்கமின்மை என்று நாம் எண்ணுவது, பல நேரங்களில் பெரியோரின் வாய்மையின்மைக்கு வந்த விளைவாகவும் இருக்கலாம். வாய்மை அணுவிரதத்தை வணிகத்திலும் வழக்குமன்றத்திலும் காக்கும் நாம், பிள்ளையிடம் சொன்ன சொல்லை அத்துணை பொருட்படுத்துகின்றோமா?

எனவே விரதமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் வாழ்நாள் முழுவதும் ஏற்பதை யமம் என்றும், காலவரையறையோடு ஏற்பதை நியமம் என்றும் பிரித்துள்ளார். பள்ளிப் பிள்ளைக்கு ஏற்றது நியமமே. ஒரு பர்வ நாள், ஒரு வாரம், தசலக்ஷணத்தின் பத்து நாள் என அவனே அளவைச் சொல்லட்டும். முடிந்த நாளில் முடிந்தது என்று விடுவிக்கவும் வேண்டும். தவறினால், அடிப்பதைவிடப் பிரதிக்கிரமணமே பயன் தரும். இரவில் குடும்பத்தார் கூடி அமர்ந்து, அன்றைய பிழையை முதலில் மூத்தவர் தம்முடையதிலிருந்து சொல்லத் தொடங்கினால், பிள்ளையும் ஒளிக்காமல் சொல்வான்.

நினைவில் நிறுத்தும் வேலையின் பெரும்பகுதியையும் சில ஆண்டுகள் பெற்றோரே சுமக்க வேண்டும். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்கின்றது. தனிப்பயிற்சி வகுப்போ எட்டு மணி வரை நீள்கின்றது. வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, பசியோடு திரும்பும் சிறுவன் அடுக்களையில் கைவைத்தான் என்று சினப்பதில் பொருளில்லை. ஐந்தரை மணிக்கு உண்ணும்படி டிபன் டப்பாவில் உணவு கட்டிக்கொடுப்பதும், அந்நேரத்தில் பத்து நிமிட ஓய்வு தருமாறு ஆசிரியரை நேரில் கண்டு கேட்பதும் தாய் தந்தையர் செய்ய வேண்டியவை. அதைப் பிள்ளையையே கேட்கச் சொல்லுதல் கூடாது. கூச்சத்தால் பெரும்பாலும் கேட்கமாட்டான்.