சத்தம் போய்ச் சேருகிறதா?



பவுல் ஏறிப்போன கப்பலில் 276 பேர் இருந்தார்கள். ஆபத்து வருமென்று அவர் முன்கூட்டியே சொன்னார். ஒருவரும் காதில் வாங்கவில்லை, கப்பல் உடைந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நடந்ததோ வேறு. நம் குமரி மாவட்டத்து மீனவர்களுக்குக் கேட்க மனமிருந்தது. ஆனால் ஆழ்கடலில் இருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிப்பு எட்டவே இல்லை. எத்தனை வீடுகளில் அழுகுரல்!

பிரியமானவர்களே, உங்கள் படகின் ஒயர்லெஸ் சத்தம் போய்ச் சேருகிறதா?

"பழைய செட்டை மாத்தியாச்சு பாஸ்டர், லைட் பளிச்சுன்னு எரியுது" என்பார்கள். நல்லது. ஆனால் மேலே ஏரியல் முறிந்து தொங்குகிறதே! கேபிளின் தோலைச் சீவிப் பாருங்கள். உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, செம்புக்கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், அது செத்த கேபிள். புதுப்பெட்டியை அதில் மாட்டினால், போகவேண்டிய சக்தி வழியிலேயே வீணாகும்; பெட்டிக்கே திரும்பி வந்தால் பெட்டியும் கெடலாம். ஏரியல் மாட்டாமல் மைக்கை அமுக்கவே கூடாது.

பக்கத்துப் படகு பேசுவது கேட்கிறது என்று ஏமாந்துபோகாதிருங்கள். கேட்கிற பெட்டியெல்லாம் பேசுகிற பெட்டி அல்ல. கெட்ட ஏரியலிலும் கிட்டத்துச் சத்தம் கேட்கும். நீங்கள் கூப்பிடும்போதுதான் ஒருவர் காதிலும் விழாது.

ஆகையால் பெட்டி, கேபிள், கனெக்டர், ஏரியல் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டி 25 வாட் கொடுத்தாலும், மெல்லிய ஆர்.ஜி.58 கேபிளில் 10 மீட்டர் ஏறுவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகிவிடும். தடித்த கேபிளே நல்லது. வி.எச்.எஃப். அலை அடிவானத்தை விட்டு அதிகம் வளையாது. இரண்டு படகிலும் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 16 கிலோமீட்டர். 9 மீட்டரானால் சுமார் 25. கனெக்டரில் தண்ணீர் புகாதபடி டேப் சுற்றுங்கள். பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பாருங்கள்: 1.5-க்குள் இருந்தால் சந்தோஷம்; 3-ஐத் தாண்டினால் எங்கோ பழுது இருக்கிறது.

கடைசியாக, தூரத்துப் படகு ஒன்றைக் கூப்பிட்டு, "நான் பேசுறது தெளிவா இருக்கா?" என்று கேளுங்கள். 16-ம் சேனலில் அழைத்தாலும், பேச்சை வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. அதை அரட்டைக்கு எடுக்கிறவன் இன்னொருவனுடைய கூக்குரலை அடைத்துப்போடுகிறான்.

இதையெல்லாம் செய்தாலும் வி.எச்.எஃப்.புக்கு ஓர் எல்லை உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களுக்கு, செயற்கைக்கோள் வழியே பேசும் ஆபத்துக் கருவியும் வேண்டும்.

"வலைக்கே காசு பத்தல, இதுக்கு எங்கே போக?" என்று கேட்கலாம். வலை போனால் வேறு வலை வாங்கலாம். மகன் போனால்?

நாம் கரையிலே முழங்காலில் நிற்கிறோம். அந்த ஜெபம் பரலோகத்துக்கு எட்ட ஏரியல் வேண்டாம். ஆனால் பக்கத்தில் இருக்கிற படகு உங்களைத் தேடி வரவேண்டுமானால், உங்கள் சத்தம் அதற்குக் கேட்கவேண்டும். ஜெபிக்கிற கைகளே இந்த வாரம் அந்தக் கேபிளையும் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த முறை கடலுக்குப் போகுமுன்னே செய்துவிடுங்கள். ஆமென்.