கேட்பதற்கு ஓர் ஆள்

ஒலி நாடகத்தில் வாய் திறக்காதவர் இல்லாமலே போய்விடுகிறார். அறையில் ஐந்து பேர் என்பது எழுதியவருக்குத் தெரியும். இரண்டு நிமிடம் பேசாத ஐந்தாமவரை நாம் மறந்துவிடுவோம். அதனால்தான் அங்கே ஓயாமல் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், செருமுகிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் உட்கார்ந்து இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1896-ல், 16 வயதில் இந்த ஊருக்கு வந்த ரமணர் ஆண்டுக்கணக்கில் பேச்சையே விட்டிருந்தார். அந்தப் பேசாமையைத் தேடித்தான் ஜனங்கள் வந்தார்கள். அவரை வைத்து எந்த வானொலிக்காரர் நாடகம் எழுத முடியும்?

*

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத நாளில், விடிவதற்கு முன் நடந்தால் காதில் எதையாவது மாட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் சிவபுராணம் கேட்கிறார்கள். நான் கேட்பது ‘டாக்டர் ஹூ’.

பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் அது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். டாக்டர் என்பவர் வேற்றுலகவாசி, காலத்தில் முன்னும் பின்னும் போய்வருபவர். சாகும் தறுவாயில் அவர் உடல் வேறாக மாறும், வேறொரு நடிகர் தொடர்வார். தொடர் 1989-ல் நின்றுபோனது. பத்து ஆண்டு கழித்து பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் பழைய நடிகர்களைக் கூட்டிவந்து அதை ஒலி நாடகமாகத் தொடர்ந்தது. முகம் காட்ட வேண்டியதில்லை என்பதால் நரையும் தொந்தியும் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தில் படத்தையே பார்க்காமல் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி இல்லை.

1999-ல் வந்த முதல் நாடகம் ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’. மூன்று பாகங்களில் மூன்று டாக்டர்கள் தனித்தனியே வருகிறார்கள், நான்காவதில் ஒன்றுசேர்கிறார்கள். எனக்கு அந்த நான்காம் பாகம்தான் சப்பென்று இருந்தது. மூவருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரிடம் ஒருவர் கேட்க என்ன இருக்கிறது?

*

செய்யாறு பக்கம், இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது புரிசை. தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்தில் ராஜ வேஷம் நேரே களத்துக்குள் வந்துவிடாது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து சலங்கைச் சத்தம் வரும், குரல் வரும், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும். கட்டியக்காரன் திரைக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன பெருமை என்று விசாரிப்பான். துரியோதனனைத் தெரியாத ஆள் அந்தக் களத்தில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் கட்டியக்காரன் கேட்டாக வேண்டும். அவன் கேட்காவிட்டால் துரியோதனன் தன் கதையை யாரிடம் சொல்வான்?

ஒலி நாடகத்திலும் அப்படித்தான். பழைய பாத்திரத்தோடு புதிய பாத்திரத்தைச் சேர்ப்பவர்கள், இளைஞர்களைப் பிடிப்பதற்காகச் சேர்ப்பதாகவே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதியவள் வராவிட்டால் பழையவரால் வாயே திறக்க முடியாது.

*

சார்லி பொல்லார்ட் அப்படி வந்தவள். தொலைக்காட்சியில் வராதவள், ஒலிக்கென்றே பிறந்தவள், இந்தியா ஃபிஷரின் குரல். 2001-ல் ‘ஸ்டார்ம் வார்னிங்’ நாடகத்தில் ஆர்101 ஆகாயக் கப்பலில் கள்ளத்தனமாக ஏறுகிறாள். கப்பலும் விபத்தும் நிஜம். கராச்சிக்குப் புறப்பட்ட அது 1930 அக்டோபர் 5 அன்று வடக்கு பிரான்சில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். அவளும் செத்திருக்க வேண்டியவள். எட்டாம் டாக்டர், பால் மெக்கேன், காப்பாற்றிவிடுகிறார்.

2008-ல் வந்த ‘தி கண்டெம்ட்’ நாடகத்தில் அவளை ஆறாம் டாக்டரோடு சேர்த்தார்கள். அவர் காலின் பேக்கர், அதாவது இவளைச் சந்திப்பதற்கு முந்தைய டாக்டர். இவளுக்கு அவர் உயிர்த் தோழர். அவருக்கு இவள் யாரோ ஒருத்தி. தெரிந்ததைச் சொன்னால் காலமே குலையும் என்பதால் தான் யாரென்று மறைக்கிறாள். படமாக இருந்தால் கண்ணை ஒருமுறை காட்டி முடித்துவிடலாம். இங்கே அவர் கேள்விக்கும் இவள் பதிலுக்கும் நடுவே அரை மூச்சு அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் அவள் பொய் சொல்லப்போவது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பேசாதவர் இல்லாதவர் என்று மேலே எழுதியதை இங்கே கொஞ்சம் திருத்த வேண்டும்.

புதியவள்தான் எல்லாம் அறிந்தவள், மூத்தவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்பவர். கட்டியக்காரன் திரைக்குப் பின்னால் போய்விட்டான். பிற்பாடு, 2013-ல் படமாக வந்த ஒரு குறும்பகுதியில் எட்டாம் டாக்டர் உயிர் விடுமுன் தன் தோழர்கள் பெயரைச் சொல்கிறார். முதல் பெயர் சார்லி.

*

நான்காம் டாக்டர் டாம் பேக்கர் ஒலி நாடகத்துக்கு வர மறுத்துக்கொண்டே இருந்து, 2012-ல்தான் வந்தார். எதிரில் அவருடைய தோழி லீலாவாக லூயிஸ் ஜேம்ஸன். 1977-78-ல் சேர்ந்து நடித்தபோது பேக்கருக்கு லீலா பாத்திரமே பிடிக்கவில்லை, அதை ஜேம்ஸன்மேல் காட்டினார். 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே பாத்திரங்களாக, சுமுகமாகப் பேசிக்கொள்கிறார்கள். குரல் தடித்துத்தான் இருக்கிறது. கால் மணி நேரத்தில் காது பழகிவிடுகிறது.

*

இரண்டாம் டாக்டர் பேட்ரிக் டிரௌட்டன் 1987-லேயே இறந்துவிட்டார். அவருடைய தோழன் ஜேமியாக நடித்த ஃபிரேசர் ஹைன்ஸ், ஒலி நாடகங்களில் ஜேமியின் வசனத்தையும் பேசினார், டிரௌட்டனின் குரலில் டாக்டர் வசனத்தையும் பேசினார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அதை வெறும் மிமிக்ரி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷம் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டவருக்குத்தான் அந்த இழுவையும் முணுமுணுப்பும் வரும்.

2022 முதல் டிரௌட்டனின் மகன் மைக்கேல் அந்த வேஷத்தைக் கட்டுகிறார். அப்பா ஆடிய வேஷத்தை மகன் ஆடுவது புரிசையில் சாதாரணம். ஹைன்ஸும் அவரோடு ஜேமியாக வந்தார். வேஷத்தில் மூத்தவர் டாக்டர், அனுபவத்தில் மூத்தவர் ஜேமி. மைக்கேல் ஒரு வரியைப் பேசி முடிக்கிறார். ஹைன்ஸ் தன் பங்கை மட்டும் பேசுகிறார்.