கிருஷ்ணன் என்னும் பெயரும் கறுப்பு என்னும் சொல்லும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் நன்னூலார் பகுத்துரைத்தார். பொருள்களின் பெயர்களுக்கு நன்கு பொருந்தும் இப்பாகுபாடு மனிதரின் பெயர்களை அணுகும்போது சற்றுத் தடுமாறுகிறது. செல்வராசா என்பவர் வறியவராக இருக்கலாம். வீரசிங்கம் என்பவர் நாய் குரைத்தால் நடுங்குபவராக இருக்கலாம். அதற்காக அவர்களுடைய பெற்றோர் பொய்யுரைத்தார்கள் என்று எவரும் குற்றஞ் சாட்டுவதில்லை. பெயர் சூட்டியவருக்கு ஒரு காரணம் இருந்தது. பெயரைத் தாங்கியவரைப் பொறுத்தவரை அது இடுகுறியே. வடமொழி இலக்கண ஆசிரியரான பதஞ்சலியின் மரபிலும் இத்தகைய பெயர்கள் பண்பையோ தொழிலையோ குறியாது, இட்டவரின் விருப்பத்தால் மட்டும் அமைபவை என ஒரு தனி வகையாகப் பேசப்படுகின்றன.

அவ்வாறாயின், ஒரு பெயரின் பொருளுக்கு அதனைச் சூட்டியவர் எவ்வகையிலேனும் பொறுப்பாளியாவாரா? இவ்வினாவைப் பொதுவாக ஆராய்வதிலும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும் எனக் கருதுகிறேன். கிருஷ்ணன் என்னும் பெயரை நான் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. 2019ஆம் ஆண்டில் என் மூத்த சகோதரிக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். குறிப்புப் பொருந்தியது; சீதனப் பேச்சும் பெரிய இடர்ப்பாடின்றி முடிந்தது. பெண்ணைப் பார்த்துச் சென்ற பின்னர் தரகர் வந்து, "பிள்ளை நல்ல பிள்ளை, நிறந்தான் கொஞ்சம் குறைவு எண்டு சொல்லினம்" என்றார். நிறம் என்பது அளந்து பார்த்துக் குறைவு நிறைவு காணக்கூடிய ஒரு பண்டம் என்பதை அன்றுதான் அறிந்தேன். என் சகோதரியின் பெயர் சியாமளா. மாப்பிள்ளையின் பெயரின் பிற்பாதியோ கிருஷ்ணன். இரண்டும் ஒரே பொருளைத் தரும் சொற்கள் என்பது அப்போது அவ்வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

கிருஷ்ண என்பது முதலில் ஒரு பண்புச்சொல். கரிய என்பதே அதன் பொருள். இருக்கு வேதத்தின் ஆறாம் மண்டலத்தில் இரவும் பகலும் கரிய நாள், வெண்ணிற நாள் என இணைத்துப் பேசப்படும்போது இச்சொல்லே கரிய நாளுக்கு வருகிறது. வெண்மைக்கு வரும் சொல் அர்ஜுனம். தேய்பிறையை இன்றும் கிருஷ்ண பட்சம் என்கிறோம். சாந்தோக்கிய உபநிடதத்தில் தேவகியின் மகனான கிருஷ்ணன் ஒருவன் கோர ஆங்கிரசரிடம் உபதேசம் பெற்ற செய்தி வருகிறது. மகாபாரதத்திலோ இப்பெயர் கண்ணனுக்கு மட்டும் உரியதன்று. அதனை இயற்றிய வியாசர் கிருஷ்ண துவைபாயனர், அதாவது தீவிற் பிறந்த கரியவர். திரௌபதியின் பெயர் கிருஷ்ணை. அருச்சுனனும் கிருஷ்ணனே. விராட பருவத்தில் உத்தரகுமாரனுக்குத் தன் பத்துப் பெயர்களையும் விளக்கும் அருச்சுனன், கரிய ஒளி பொருந்திய குழந்தையாகிய தன்மீது கொண்ட அன்பினால் தந்தை தனக்கு அப்பெயரை இட்டார் என்கிறான். வெண்மை என்று பொருள்படும் பெயரை உடைய ஒருவன், கறுப்பு என்னும் பெயர் அன்பினால் வந்தது என்று சொல்லும் அந்த இடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பாகவதத்தின் பத்தாவது கந்தத்தில் கர்க்க முனிவர், கம்சனுக்குத் தெரியாதபடி ஆயர்பாடியின் மாட்டுத் தொழுவத்தில் வைத்துக் குழந்தைக்குப் பெயரிடுகிறார். முன்னைய யுகங்களில் வெண்மை, செம்மை, மஞ்சள் என்னும் நிறங்களை உடையவனாயிருந்த இவன் இப்போது கருமையை எய்தியுள்ளான் என்பதே அவர் கூறும் காரணம். சாந்தி பருவத்தில் கண்ணனே தன் பெயருக்கு இரு காரணங்கள் கூறுகிறான்: கரிய இரும்புக் கொழுவாகி நிலத்தை உழுவதாலும், தன் நிறம் கருமையாக இருப்பதாலும் தான் கிருஷ்ணன் என்கிறான். உழுத நிலமும் இரும்பும் கரிய உடலும் ஒருங்கே வரும் இவ்விளக்கத்தில் நாணமோ சமாதானமோ இல்லை.

சமாதானம் வேறிடத்தில் தொடங்குகிறது. உத்தியோக பருவத்தில் சஞ்சயன் திருதராட்டிரனுக்குக் கூறும் விளக்கத்தில் கிருஷ் என்னும் பகுதி உள்பொருளையும் ண என்னும் எழுத்துப் பேரின்பத்தையும் குறிக்கின்றன. பிற்கால வைணவ உரைகாரர் சிலர், உள்ளங்களைக் கவர்ந்து இழுப்பவன் என்று ஆகர்ஷணத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கண்டனர். இவ்விளக்கங்களின் தத்துவச் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும், கறுப்பு என்ற எளிய பொருள் கண்முன்னே இருக்க, அதைச் சுற்றி இவ்வளவு பெரிய மதில்கள் எழுந்தமை வெறும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஓவியருடைய தூரிகையும் இதையே செய்தது. கார்முகிலையும் காயாம்பூவையும் நீலமணியையும் உவமையாகக் கண்ட கவிஞர்களுக்குக் கருமையும் நீலமும் அடுத்தடுத்த நிறங்கள். அந்த உவமைகளைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அச்சுப் படங்களும் நாட்காட்டிகளும் வந்த காலத்தில் கண்ணன் வெளிர் நீலமானான். நீல நிற மனிதன் உலகில் இல்லை. ஆகவே அவனைப் பார்த்து எந்தக் கரிய பிள்ளையும் தன்னைப்போல் இருக்கிறான் என்று சொல்வதற்கு வழியில்லாது போயிற்று.

இவ்விடத்திற் பாளி இலக்கியத்தில் வரும் கண்ஹ ஜாதகத்தை நோக்குதல் பொருந்தும். கண்ஹ என்பது கிருஷ்ண என்பதன் பாளி வடிவம். தமிழிற் கண்ணன் என வழங்குவதும் பிராகிருதத்தின் வழிவந்த இதே சொல்தான். கண் என்னும் உறுப்போடு இதனைத் தொடர்புபடுத்துவது மனத்துக்கு இனியதாயினும் சொல்வரலாறு அன்று. அக்கதையிற் போதிசத்துவர் கரிய மேனியுடைய அந்தணராகப் பிறந்து கண்ஹர் எனப் பெயர் பெற்றுத் துறவியாகிறார். அவரைச் சோதிக்க வந்த சக்கன், ஆளும் கறுப்பு, உண்ணும் உணவும் கறுப்பு, இருக்கும் இடமும் கறுப்பு, எனவே இவனை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். தோலினால் ஒருவன் கறுப்பனாவதில்லை, தீவினை எவனிடம் உள்ளதோ அவனே கறுப்பன் என்பது துறவியின் விடை.

உயர்ந்த விடைதான். ஆனால் அதனை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். தோல் கறுப்பாயிருப்பது குற்றமன்று என்று கூறிய அதே வாயாற் குற்றத்துக்குக் கறுப்பு என்ற பெயரையும் அவர் சூட்டிவிட்டார். மனிதன் விடுவிக்கப்பட்டான், சொல் தண்டிக்கப்பட்டது. "ஆள் கறுப்பெண்டாலும் மனம் வெள்ளை" என்று நம்மவர் அன்போடு பாராட்டும்போது நிகழ்வதும் இதுவே. அப்பாராட்டிலுள்ள 'எண்டாலும்' என்ற சொல்லை என் சகோதரி நன்கறிவாள்.

தமிழ் மரபில் இவ்வளவு கூச்சம் முற்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியம் முல்லை நிலத்துக்கு உரியவனாகக் கூறும் மாயோன் கரியவனே. மா என்னும் அடியின் கருமைப் பொருள் அச்சொல்லில் வெளிப்படையாகவே நிற்கிறது. சங்கப் பாடல்களில் தலைவியும் மாயோள் எனப்படுகிறாள். அவளுடைய மாமை, மாந்தளிரின் நிறம் என உரைகாரர் பொருள் கூறும் அந்த நிறம், பிரிவினாற் கெட்டுப் பசலை பாய்வதையே வெள்ளிவீதியார் குறுந்தொகைப் பாடலில் நொந்துரைக்கிறார். அங்கே வெளிறுதல் நோய். இன்று ஞாயிறு தோறும் வெளிவரும் மணமகள் தேவை விளம்பரங்களில் வெளிறுதல் தகுதி. மாநிறம், பொதுநிறம் என்று இக்காலத்தில் நாம் மங்கலவழக்காகக் கூறும் சொற்களுள் முன்னையதில் அந்தப் பழைய மா இன்னமும் ஒளிந்திருக்கிறது.

இப்பெயரின் செல்வாக்கைச் சொல்லி முடியாது. கோபாலகிருஷ்ணன், பாலகிருஷ்ணன், இராதாகிருஷ்ணன், இராமகிருஷ்ணன், கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணபிள்ளை என இந்தியத் துணைக்கண்டத்தின் தென்பகுதியில் ஒட்டாத இடமின்றி அது ஒட்டியிருக்கிறது. சைவமே பெருவழக்கான யாழ்ப்பாணத்திலும் இப்பெயருக்குத் தடை இருந்ததில்லை. வல்லிபுர ஆழ்வாரை வணங்கும் வடமராட்சியில் அது வியப்புமன்று. 1858இல் திருமுழுக்குப் பெற்றுப் பின்னர் இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கிறித்தவரான பின்னரும் கிருஷ்ணபிள்ளை என்றே அறியப்பட்டார். இவ்வாறு சமயம் மாறியும் நிலைத்த பெயர், எங்கள் தலைமுறையில் வேறொரு வழியாற் சுருங்கி வருகிறது. முரளி, மாதவன், முகுந்தன் ஆகிய பெயர்களிற் புல்லாங்குழலும் திருவும் முத்தியும் உண்டு, நிறம் இல்லை. எண்சாத்திரக்காரர் புண்ணியத்தால் வந்த கிருஷாந்தன், கிருஷாந்த் என்பவற்றில் ஒலி மட்டும் எஞ்சியது. கிருச என்றால் வடமொழியில் மெலிந்த என்பது பொருள். ஆகவே கிருஷாந்தனின் பெற்றோர் பொருள் தேடாதிருப்பதே நலம்! நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்கும் வழக்கத்தை இங்கே கூறாதிருக்க முடியவில்லை. உரோகிணிக்கு உரிய எழுத்துகள் ஓ, வ, வி, வு. கண்ணபிரான் பிறந்ததோ உரோகிணியில். எங்களூர்ச் சோதிடர் அன்று கோகுலத்தில் இருந்திருப்பின், அக்குழந்தைக்குக் கிருஷ்ணன் என்ற பெயர் கிடைத்திருக்காது.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வரலாம். கடவுளின் பெயர் என்பதற்காகவே கிருஷ்ணன் என்று சூட்டுகிறோம், சொல்லின் பொருளை எவர் நினைக்கிறார் என்பது ஒரு விடை. இதற்குச் சமய மரபிலும் ஆதரவு உண்டு. மரணப் படுக்கையில் நாராயணா என்று மகனை அழைத்தே அசாமிளன் உய்ந்தான் என்று பாகவதம் கூறுகிறது. பெரியாழ்வார், பிள்ளைகளுக்குத் திருமாலின் பெயரை இடுமாறு பெற்றோரை அறிவுறுத்தி ஒரு பதிகமே பாடி, அவ்வாறு இட்ட தாய் நரகம் புகாள் என்று உறுதி கூறினார். ஒலியே போதும், பொருள் வேண்டியதில்லை என்பதே இதன் கருத்தாகக் கொள்ளப்படுகிறது.

இவ்விடையை நானும் ஏற்றிருப்பேன். விடுதியில் என் அறைத்தோழன் ஒருநாள் கூறிய ஒரு வார்த்தை என்னைத் தடுத்துவிட்டது. அவன் ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். அவனுடைய தாத்தாவின் பெயர் கருப்பையா. அப்பெயரைக் கேட்டு இன்னொரு மாணவன் சிரித்தபோது, "எங்க தாத்தா பேரும் ஒங்க சாமி பேரும் ஒன்னுதான் மச்சான்" என்றான். சிரித்தவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் மறுமொழி இல்லை. கருப்பண்ணசாமியும் தெய்வமே, அத்தெய்வத்தின் பெயரும் அன்பினால் இடப்பட்டதே. மலையகத்துச் செக்றோல்களில் எத்தனையோ கருப்பையாக்களும் கருப்பாயிகளும் இருந்தார்கள். ஆனால் எங்களூரில், தம்மைப் படித்தவர் எனக் கருதும் எவரும் தம் பிள்ளைக்கு அப்பெயரை இடமாட்டார். பொருளை எவரும் நினைப்பதில்லை என்பது உண்மையாயின் இந்த விலக்கு எங்கிருந்து வந்தது? விலக்கும்போது பொருளை அறிந்தவராயிருந்து, ஏற்கும்போது அறியாதவராகிவிட ஒருவரால் இயலாது.

கருப்பையா விலக்கப்படுவது நிறத்தினாலன்று, தோட்டத்தோடும் சாதியோடும் அப்பெயருக்குள்ள தொடர்பினால் என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. பெயரின் இறுதியில் ஐயா, பிள்ளை என்பன ஒட்டுவதற்கே சாதிவேலி இருந்த சமூகம் எமது. எனினும் வெயிலில் நின்று உழைப்பவரின் நிறம், அவருடைய சாதி, அவருடைய பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்தே இழிவுபடுத்தப் பழகிய மனத்துக்கு அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுவதால் என்ன பயன்? வடமொழியில் இருப்பதனால் மட்டுமே கிருஷ்ணன் அந்த இழிவிலிருந்து தப்பினான். சொல்லின் பொருள் மறந்துபோனதால் நாம் அதனை நேசிக்கிறோம். பொருள் தெரிந்த சொல்லை வெறுக்கிறோம். அசாமிளனின் கதை அழைத்தவன் உய்ந்ததைச் சொல்கிறதே தவிர, அழைக்கப்பட்ட மகன் எவ்வாறு நடத்தப்பட்டான் என்பதைச் சொல்லவில்லை. என் கருத்தில் பெயரிடுவோரின் பொறுப்புத் தொடங்குவது அங்கேதான். தெய்வத்தின் நிறத்தைப் பெயராக்கி ஒரு பிள்ளைக்கு அணிவித்தவர், அதே நிறத்துக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை மறுக்கும்போது, பெயர் இடுகுறி என்று நன்னூலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

என் சகோதரிக்கு 2020இல் வேறிடத்தில் திருமணம் நடந்தது. 2022இல் ஆண் குழந்தை பிறந்தது, தாயின் நிறம். நட்சத்திரம் மிருகசீரிடமாக அமைந்ததால் கி என்ற எழுத்தும் கிடைத்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவின்போது கிருஷாந்த் என்ற பெயரை அவளுடைய மாமியார் எழுதி வைத்திருந்தார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கிருஷ்ணன் என்றே பதியவேண்டும் என்றாள். "பழைய பெயரல்லோ பிள்ளை" என்று அவர் தயங்க, "பொருள் தெரிஞ்சுதான் வைக்கிறன் மாமி" என்றாள். அவ்வாறே பதிந்தார்கள். வீட்டில் எல்லாரும் அவனைக் கண்ணா என்றே அழைக்கிறார்கள். என் அம்மா மட்டும், கோயிலுக்குப் புறப்படும் நாட்களில், அவன் முகத்திற் பவுடரைச் சற்றுக் கூடுதலாகவே பூசிவிடுகிறார்.